கோமுகத்துக்கு மேலே என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இமயமலைப் பனியாறுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகனின் பாடநூலில் 'பனியாறு' என்று இருக்கிறது. செய்தியில் 'பனிப்பாறை வெடித்தது' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? உறைந்து கிடப்பது எப்படி ஆறாகும்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ஒன்றல்ல. நிலத்தின் மேல் தங்கி, தன் எடையால் மெல்ல நகர்வது பனியாறு. அது உடைந்து கடலில் மிதந்தால் பனிப்பாறை. மலைச்சரிவில் திடீரென்று பெயர்ந்து விழுவது பனிச்சரிவு. செய்தியில் மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பிடுவதால் ஆபத்தின் காரணமே தவறாகப் போய்ச் சேருகிறது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது 'பனிப்பாறை வெடித்தது' என்றுதான் முதலில் சொன்னார்கள். உண்மையில் ரோண்டி சிகரத்தின் ஒரு பக்கமே பெயர்ந்து விழுந்தது. விழுந்தது ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை, ஒரு பங்கு பனிக்கட்டி. விழுந்த வேகத்தில் உராய்வின் சூட்டிலேயே பனிக்கட்டி பெரும்பாலும் உருகி, பாறைத்தூளோடு கலந்து சேறாக ஓடியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பனியாறு வெடிக்கக்கூடிய பொருளே அல்ல.

இனி, ஆறாவது எப்படி? புதிதாக விழுந்த பனித்தூவி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். கோடையிலும் உருகாமல் தப்பியது அடுத்த ஆண்டுப் பனியின் அடியில் அமுங்கி 400 கிலோவைத் தாண்டுகிறது. 830 கிலோ அளவுக்கு இறுகும்போது காற்றுப் போகும் வழிகள் அடைபட்டு, மிஞ்சிய காற்று குமிழிகளாகச் சிறைப்படுகிறது. அப்போதுதான் அதைப் பனிக்கட்டி என்கிறோம். இப்படிச் சேர்ந்தது சுமார் 30 மீட்டர் கனத்தைத் தாண்டினால் அடிப்பகுதி மேலுள்ள எடையைத் தாங்காமல் பாகுபோல நெளிந்து நகரும். மேல்பகுதிக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது, அதனால் அது விரிசல் விடும். பனிமலை ஏறுவோரை விழுங்கும் ஆழமான வெடிப்புகள் இப்படி உண்டாவதுதான்.

கேள்வி: கங்கோத்ரி பனியாறு 30 கி.மீ. நீளம், ஆண்டுக்கு 20 மீட்டர் பின்வாங்குகிறது என்று படித்தேன். வகுத்துப் பார்த்தால் 1,500 ஆண்டு தாங்கும். பிறகு ஏன் இவ்வளவு பதற்றம்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

கணக்கு சரி, அளந்த இடம்தான் தவறு. பனியாறு பற்றிய தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரே எண்ணோடு நின்றுவிடுவதால் இதை விரிவாகச் சொல்கிறோம்.

கங்கை தொடங்கும் கோமுகம் என்பது இந்தக் கங்கோத்ரி பனியாற்றின் முனை. மேலிருந்து வந்து சேரும் பனிக்கட்டியும் அங்கே உருகுவதும் சமமாகும் இடத்தில் முனை நிற்கிறது. முனை பின்வாங்கும் ஆண்டுகளிலும் பனியாறு முன்னோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கும். வருவதைவிட உருகுவது அதிகம், அவ்வளவுதான். கங்கோத்ரியின் முனை 1935 முதல் 1996 வரை ஆண்டுக்குச் சராசரியாக 19 மீட்டர் அளவில் பின்வாங்கியது. ஆனால் பெரிய பனியாற்றின் முனை இன்றைய வெப்பத்துக்கு இன்றே பதில் சொல்வதில்லை. மேலே நடந்த மாற்றம் முனைக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் பனியாறு முழு நீளத்துக்கும் மெலிந்துகொண்டே போகும். குளத்தில் நீர் எவ்வளவு என்று அறியக் கரையின் நீளத்தை அளந்தால் போதுமா? ஆழம் தெரிய வேண்டும்.

ஆழத்தில் ஆண்டுதோறும் எவ்வளவு குறைகிறது என்பதை இரண்டு வழிகளில் அளக்கிறார்கள்.

முதல் வழி மூங்கில் கழி. பனியாற்றின் கீழ்ப்பகுதியில் நீராவித் துளைப்பானால் 10 மீட்டர் அளவுக்குத் துளையிட்டு, 2 மீட்டர் மூங்கில் துண்டுகளைக் கம்பியால் கோத்து உள்ளே இறக்குவார்கள். மேலே உருக உருகக் கழி வெளியே தெரியும். ஓராண்டில் 2 மீட்டர் கூடுதலாக வெளியே வந்திருந்தால், பனிக்கட்டி நீரைவிட இலகு என்பதால் 0.9ஆல் பெருக்கி 1.8 மீட்டர் நீர் இழப்பு என்று கணக்கிடுவார்கள். இரும்புக்கம்பி நட்டால் அது வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கிவிடும், கணக்கு பொய்யாகும். ஆழம் குறைவாக நட்டால் கோடை முடிவதற்குள் கழி விழுந்துவிடும், அந்த ஆண்டின் அளவே போய்விடும். பனி சேரும் மேல்பகுதியில் கழிக்கு வேலையில்லை. அங்கே குழி தோண்டி, சென்ற கோடையின் அழுக்குப் படலம் தெரியும் வரை இறங்கி, அடுக்கடுக்காகப் பனியை எடுத்து எடை போடுவார்கள். வரவு செலவுக் கணக்கு பொதுவாக அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடியும்.

இமாச்சலத்தின் லாஹௌலில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் இப்படி இடைவிடாமல் அளந்துவருகிறார்கள். பரப்பு 15.5 சதுர கி.மீ. சராசரி இழப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் நீர். பெருக்கிப் பாருங்கள்: ஒரே பனியாற்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 775 கோடி லிட்டர் திரும்பி வராமல் போகிறது. முனையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இரண்டாவது வழி செயற்கைக்கோள். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு உயர வரைபடங்களைக் கழித்து, வரும் பருமனை ஒரு கன மீட்டருக்கு 850 கிலோ என்று எடையாக மாற்றுவார்கள். ரேடாரில் எடுத்த வரைபடமானால் கவனம் தேவை. அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் ஊடுருவிவிடுவதால் மேற்பரப்பு இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் பனிப்போர்க் காலத்தில் எடுத்த படங்களைப் பயன்படுத்தியது. இமயமலைப் பனியாறுகள் 1975 முதல் 2000 வரை ஆண்டுக்கு 0.22 மீட்டர் நீர் அளவுக்கு மெலிந்தன, 2000 முதல் 2016 வரை அது 0.43 மீட்டர். வேகம் இரட்டிப்பு. பதற்றத்துக்குக் காரணம் இந்த எண்.

கேள்வி: 2035க்குள் இமயமலைப் பனி முழுவதும் அழிந்துவிடுமாமே? (ஒரு வாசகர், திருச்சி)

இல்லை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2007 அறிக்கையில் அந்த வரி இருந்தது. ஆதாரமில்லாதது என்று 2010 ஜனவரியில் அவர்களே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்மாண்டுவில் இயங்கும் மலைப்பகுதி ஒருங்கிணைந்த வளர்ச்சிக்கான பன்னாட்டு மையத்தின் 2023 அறிக்கைப்படி, உலக வெப்பம் 1.5 முதல் 2 டிகிரிக்குள் நின்றால்கூட இப்பகுதிப் பனியாறுகள் 2100க்குள் 30 முதல் 50 சதவீதம் பருமனை இழக்கும். 4 டிகிரி ஏறினால் 80 சதவீதம் வரை. எல்லா இடத்திலும் வேகம் ஒன்றல்ல. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றில் பனி பெறும், இமயமலைக்கு வடமேற்கே உள்ள காரகோரம் மலைத்தொடரில் பல ஆண்டுகள் இழப்பே ஏறக்குறைய இல்லாதிருந்தது. நேபாளத்திலும் சிக்கிமிலும் நிலைமை வேறு. அங்கே பனி விழுவதும் உருகுவதும் ஒரே பருவமழை மாதங்களில். சற்றே வெப்பம் கூடினால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. வரவு குறைவதோடு, வெண்மை போன மேற்பரப்பில் செலவும் கூடுகிறது.

கேள்வி: பனியாறு போனால் கங்கை வற்றிவிடுமா? நம் காவிரிக்கு ஏதும் பாதிப்பு உண்டா? (பலர்)

காவிரி, வைகை, தாமிரபரணி எதிலும் பனியாற்று நீர் ஒரு சொட்டும் இல்லை. தென்னாட்டு ஆறுகள் மழையால் பிறப்பவை.

கங்கையும் வற்றிவிடாது. மலையை ஒட்டிய மேல்படுகையின் ஆண்டு நீரில் பனியாறு உருகி வருவது சுமார் 12 சதவீதம். சமவெளிக்கு இறங்க இறங்க மழைநீர் சேர்ந்து அந்தப் பங்கு இன்னும் சுருங்குகிறது. சிந்து நதியின் மேல்படுகையிலோ அது சுமார் 40 சதவீதம். பாகிஸ்தானின் பாசனம் பெரும்பாலும் சிந்துவை நம்பியிருப்பதால் கவலைப்பட வேண்டிய முதல் இடம் அது.

ஆனால் ஆண்டுச் சராசரி மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். பனியாற்று நீர் வரும் காலம் முக்கியம். மழை தொடங்குமுன் சுடும் மாதங்களிலும், மழை பொய்த்த ஆண்டுகளிலும் மலைக்கிராமங்களின் வாய்க்கால்களில் ஓடுவது அதுதான். இன்னொன்று: பனியாறு கரையும்போது முதலில் ஆற்றில் நீர் கூடும். பல பத்தாண்டுகள் கூடி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையும். கூடும் காலத்து அளவை நம்பி அணையும் மின்நிலையமும் திட்டமிட்டால், குறையும் காலத்தில் கட்டடம் மட்டும் மிஞ்சும்.

கேள்வி: படங்களில் கோமுகத்துப் பனி கறுப்பாக, கல்லும் மண்ணுமாக இருக்கிறது. அழுக்கு மூடினால் பனி உருகாமல் பாதுகாப்பாக இருக்குமா? (ஒரு மாணவி, ஈரோடு)

எவ்வளவு கனத்தில் மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். அழுக்கேறிய பனிக்கட்டி 20 முதல் 40 சதவீதம்தான். ஆகவே ஓரிரு சென்டிமீட்டர் வரையிலான தூசும் கரியும் வெயிலை உறிஞ்சி உருகலை வேகப்படுத்தும். கல்லும் மண்ணும் பல சென்டிமீட்டருக்கு மேல் குவிந்தால் சூடு அடிவரை இறங்காது, உருகல் குறையும். அரை மீட்டர் கனமிருந்தால் போர்வை போர்த்தியது போலத்தான்.

அப்படியானால் கல் மூடிய பனியாறுகள் தப்பிக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். தப்பவில்லை. மூடிய பரப்பின் நடுநடுவே சிறு குட்டைகளும் செங்குத்துப் பனிச்சுவர்களும் உண்டாகின்றன. அவற்றின் வழியே உருகல் கடுமையாக நடக்கிறது. மேலிருந்து வரும் பனிக்கட்டியும் குறைந்துவிட்டது. அதனால் மூடிய பனியாறுகளும் மூடாதவற்றுக்கு ஏறக்குறைய இணையாகவே மெலிகின்றன.

கரிப்புகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீசல் வண்டி, செங்கல் சூளை, விறகடுப்பு, காட்டுத்தீ இவற்றின் கரி காற்றில் ஏறக்குறைய ஒரு வாரம்தான் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். எனவே கரியைக் குறைத்தால் பலன் சில ஆண்டுகளிலேயே தெரியும். வட இந்திய மாநிலங்கள் இதை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: சிக்கிமில் பனியேரி உடைந்து அணையே போனது. குழாய் வைத்துத் தண்ணீரை முன்கூட்டியே இறக்கியிருக்க முடியாதா? (ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், சேலம்)

முயன்றார்கள். பனியாறு உருகித் தேங்கிய அந்தத் தெற்கு லோனக் ஏரியில் 2016இல் சைஃபன் குழாய்கள், அதாவது மோட்டார் இல்லாமலே நீரைக் கரைமேட்டுக்கு மேலாக ஏற்றி மறுபக்கம் இறக்கும் குழாய்கள், வைக்கப்பட்டன. ஏன் போதவில்லை என்பதை உங்களோடு கணக்காகவே பார்க்கலாம்.

சைஃபன் நீரைத் தூக்குவது காற்றழுத்தத்தின் துணையால். கடல்மட்டத்தில் கோட்பாட்டளவில் 10.3 மீட்டர் வரை தூக்கும். லோனக் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பாதி. எனவே கோட்பாட்டளவிலேயே 5.3 மீட்டர்தான், உராய்வும் காற்றுக்குமிழியும் போக நடைமுறையில் 4 மீட்டர் கிடைத்தால் பெரிது. கரைமேடு அதைவிட உயரமானால் வெட்டித் தாழ்த்த வேண்டும். அடுத்தது அளவு. குழாய்கள் சேர்ந்து நொடிக்கு 150 லிட்டர் இறக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 13,000 கன மீட்டர். ஏரியின் பரப்பு 1.6 சதுர கி.மீ.க்கு மேல். ஒரு மீட்டர் தாழ்த்த 16 லட்சம் கன மீட்டர் போக வேண்டும், அதாவது நான்கு மாதம். கோடையில் உருகி வந்து சேர்வதை இதில் சேர்க்கவில்லை. குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும்.

ஏரிக்கரையைத் தாங்குவது மொரைன், அதாவது பனியாறு இழுத்துவந்து குவித்த கல்லும் மணலும். நம் ஏரிக்கரை போலக் கெட்டிக்கப்பட்டதல்ல. உள்ளே உறைந்த பனியே பசையாகப் பிடித்திருக்கும், அது உருகினால் பிடி தளரும். 2023 அக்டோபர் 3 இரவு வடக்குப் பக்க மொரைன் சரிந்து, சுமார் 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் விழுந்தது. 20 மீட்டர் உயர அலை எழுந்து கரையை அறுத்தது. ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறி, 60 கி.மீ.க்கும் மேல் கீழே சுங்தாங்கில் இருந்த தீஸ்தா மூன்றாம் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. நீர்மட்டத்தை இரண்டு மூன்று மீட்டர் தாழ்த்தியிருந்தாலும் அந்த அலை கரையைத் தாண்டியிருக்கும்.

தாழ்த்துவது வீண் என்று சொல்லவில்லை. நேபாளத்தில் 2000இல் சோ ரோல்பா ஏரியைச் சுமார் 3 மீட்டரும், 2016இல் இம்ஜா ஏரியைச் சுமார் 3.4 மீட்டரும் தாழ்த்தினார்கள். அங்கே குழாயை நம்பவில்லை. மொரைனை வெட்டி, கல் பாவிய கால்வாயும் மதகும் கட்டினார்கள். அதுதான் நிலைக்கும் வழி. கூடவே எச்சரிக்கை அமைப்பும் வேண்டும்: ஏரியிலும் ஆற்றிலும் ரேடார் நீர்மட்டமானி, வெள்ளம் வந்தால் அறுபடும் கம்பி, செயற்கைக்கோள் வழித் தகவல். எல்லாம் இரண்டிரண்டாக. வெள்ளம் நொடிக்கு 10 மீட்டர் ஓடினால் 60 கி.மீ. கடக்க ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் மதகைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏரி சிறிதானாலும் அலட்சியம் கூடாது. 2013 ஜூன் 17 காலை கேதார்நாத்தில் உடைந்த சோராபாரி ஏரி பெரியதல்ல. கோவிலுக்கு ஏறக்குறைய 2 கி.மீ. மேலே இருந்தது, தொடர்மழையில் நிரம்பி உடைந்தது. அந்த மழையிலும் வெள்ளத்திலும் உத்தராகண்டில் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

கேள்வி: டம்ளரில் ஐஸ் உருகினால் நீர் வழிவதில்லை. கடல்மட்டம் மட்டும் எப்படி உயரும்? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

மிதக்கும் பனி உருகினால் உயராது என்பது ஏறக்குறைய சரி. நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகிக் கடலில் சேர்வதுதான் பிரச்சினை. சுமார் 36,000 கோடி டன் சேர்ந்தால் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும். உலகப் பனியாறுகள் 2000 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் இழந்தன. கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பெரும் பனிப்படலங்கள் இதில் சேராது. இது தவிர, சூடாகும் கடல்நீர் விரிவதாலும் மட்டம் உயர்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கிரீன்லாந்தின் பனி அவ்வளவு பெரியதாக இருப்பதால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் ஈர்ப்பால் இழுத்து வைத்திருக்கிறது. அது கரைந்தால் அந்தப் பகுதியில் கடல் தாழும், தொலைவில் உள்ள நம் கரைகளில் சராசரியைவிடச் சற்று அதிகமாக உயரும்.

கேள்வி: லடாக்கில் செயற்கைப் பனிக்கோபுரம் கட்டுகிறார்களே, எப்படி? ஊட்டியில் செய்யலாமா? (ஒரு வாசகர், நாமக்கல்)

ஊட்டியில் முடியாது. டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படிந்தாலும் பகலில் வெப்பம் ஏறிவிடும். தொடர்ந்து பல வாரம் உறைநிலைக்குக் கீழே இருக்கும் இடத்தில்தான் இது நிற்கும்.

லடாக்கில் செய்வது இது. ஓடையில், வயலைவிட 50, 60 மீட்டர் உயரமான இடத்திலிருந்து குழாய் இறக்குகிறார்கள். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும், மோட்டார் வேண்டாம். குழாய் மண் உறையாத ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். வயலருகே அதைச் செங்குத்தாக நிறுத்தி, உச்சியிலிருந்து நீரைச் சிதற விடுவார்கள். கீழே கிளைகளைக் கூம்பாக அடுக்கினால் பனி பிடிக்க இடம் கிடைக்கும். கூம்பு வடிவம் ஏன் என்றால், அதே அளவு பனியைத் தரையில் பரப்புவதைவிட வெயில் படும் பரப்பு மிகக் குறைவு. 2013-14 குளிர்காலத்தில் லடாக்கின் பொறியாளர் சோனம் வாங்சுக் குழுவினர் செய்த முதல் மாதிரி 1.5 லட்சம் லிட்டர் கொண்டது. அது மே நடுப்பகுதி தாண்டி நின்றது. விதைப்புக்குத் தண்ணீர் இல்லாத ஏப்ரல், மே மாதங்களுக்காகத்தான் இந்தப் பாடு.

தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒரு லிட்டர் நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். குளிர் தாங்கும் அளவைவிட அதிகமாக நீர் விட்டால் உறையாமல் வழிந்தோடும். குறைத்துவிட்டால் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்ற உடனே குழாயைக் காலி செய்யத் தாழ்வான இடத்தில் ஒரு வால்வு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: அடுத்த ஆண்டு குடும்பத்தோடு கோமுகம் போக எண்ணம். என்ன கவனிக்க வேண்டும்? (ஒரு வாசகி, மதுரை)

கங்கோத்ரியிலிருந்து ஒருவழி 18 கி.மீ. நடை. வனத்துறை அனுமதி தேவை. நாளொன்றுக்கு 150 பேர் என்று வரம்பு வைத்திருப்பதால் தேதியை முன்பே உறுதி செய்யுங்கள். கங்கோத்ரியே 3,000 மீட்டருக்கு மேல், கோமுகம் சுமார் 4,000. கங்கோத்ரியில் ஓர் இரவாவது தங்கி, போஜ்பாசாவில் மறு இரவு தங்கிப் போவது நல்லது. தலைவலியோடு வாந்தி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நடையில் தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் கீழே இறக்கிவிடுங்கள்.

காலையில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். வெயில் ஏறினால் கல்லைப் பிடித்திருக்கும் பனி இளகிக் கல் உருளும், ஓடைகளிலும் நீர் கூடும். தீர்த்தம் எடுக்கப் பனிக்குகை வாய்க்கு அடியில் போகவே வேண்டாம், லாரி அளவு கட்டிகள் முன்னறிவிப்பின்றி விழும். சற்றுக் கீழே ஆற்றில் எடுத்தாலும் அதே கங்கைதான்.

வழியில் எங்கேயும் ஆற்று நீர் திடீரென்று குறைந்தாலோ, நிறம் மாறிச் சேறாக வந்தாலோ, மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். பையை விட்டுவிட்டு, ஆற்றோரமாக ஓடாமல், பக்கத்துச் சரிவில் மேலே ஏறுங்கள்.